இரண்டு செவலைக்கு ஒரு கன்னி

கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம் எல்லாம் வேனில் வந்தன. நாய் மட்டும் என்னோடு காரில் வந்தது. பட்டுப்புடவை மடியில் அது ஒரு முறை ஒன்றுக்குப் போனதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாலையைக் கொஞ்சம் இறக்கி மறைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வேட்டை நாய் வளர்க்கும் வீடுகளில், கட்டிக்கொடுக்கும் பெண்ணோடு ஒரு பெட்டைக் குட்டியையும் அனுப்பும் வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னிப்பெண்ணோடு போவதால்தான் அந்த நாய்க்கே கன்னி என்று பெயர் வந்தது என்பார்கள். கன்னி என்றால் கருப்பு. உடம்பெல்லாம் கருப்பு, நெஞ்சிலும் காலிலும் பழுப்பு, கண்ணுக்கு மேலே பொட்டு வைத்த மாதிரி இரண்டு பழுப்புப் புள்ளி. அதே ஒட்டிய வயிறு, அதே நீண்ட முகம், ஆனால் நிறம் மட்டும் செம்மண் என்றால் அது செவலை. ஓட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. மதிப்பில் உண்டு. சீர் என்றால் கன்னிதான் போக வேண்டும்.

அப்பா அனுப்பியது செவலை. அதன் தாய் கன்னி. கூடப் பிறந்ததிலும் கன்னிக்குட்டிகள் இருந்தன. ஆனால் ஓட்டம் இதற்குத்தான் வாய்க்கும் என்று கால் எலும்பைத் தடவிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார். நிறத்தைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்கிற ஆள் இல்லை அவர்.

இங்கே என் நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் கருப்பு. மாநிறம் என்று தரகர் சொன்னது அவர் தொழில். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த என் அம்மா நல்ல சிவப்பு. அப்பா அவளைவிட ஒரு படி மேலே. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று எடுத்த போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பொண்ணு யாரு சாயல்?"

நாங்குநேரிப் பக்கம் எங்கள் கார் போய் நின்றதும் என் மாமனார்தான் கதவைத் திறந்தார். ஊரே சுற்றி நின்றது. என்னைப் பார்த்தார், மடியில் இருந்த குட்டியைப் பார்த்தார். அவ்வளவுதான், அடக்க முடியவில்லை மனிதருக்கு.

"என்ன சம்பந்தி, மாத்தி அனுப்பிட்டீகளே! பொண்ணு செவலையாவும் நாயி கருப்பாவும்லா வரணும்!"

கூட்டம் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். அப்பாகூடச் சிரித்தார். அம்மா மட்டும் குனிந்து, சரியாகவே இருந்த புடவைக் கொசுவத்தை மறுபடி சரிசெய்தாள்.

அவள் ஏன் குனிந்தாள் என்பது எனக்குத் தெரியும். யாரு சாயல் என்ற கேள்வி பாதிதான். மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வார்கள். "ஆஸ்பத்திரில மாத்திட்டாகளோ" என்பது அதில் மரியாதையான வகை. அப்பா ஒரு நாளும் அம்மாவைச் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அதனால் ஊர் வாய் அடைபடவா செய்யும்? ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூடத்தின் டீச்சர்கள் அறையிலும் அந்தச் சிரிப்பை அவள் என் வயசுக்கு வாங்கியிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. இப்போது மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலும் முதல் நாளே அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. கேட்டால் ஸ்கூல் இருக்கிறது என்பாள். மே மாதத்திலும் அவளுக்கு ஸ்கூல் இருந்தது.

என் மாமனார் கெட்டவர் இல்லை. அதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாயில்தான் வண்டி ஓடும். வாழைத்தோட்டமும் கன்னி நாய்களும்தான் அவருக்கு உலகம். தன் வீட்டு வளவில் கன்னியைத் தவிர வேறு நிறத்தில் ஒரு குட்டி விழுந்தது கிடையாது என்பது அவர் பெருமை. அது உண்மையும்கூட. நான் போன சமயத்தில் அவரிடம் ஒரு கன்னிக் கடுவன் இருந்தது. கடுவன் என்றால் ஆண் நாய். அதன் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு விருதுநகரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள்.

"கன்னிக்குக் கன்னி பெறக்கும், செவலைக்குச் செவலை பெறக்கும். இதுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்பார். ஆயுள் முழுக்கக் கண்ணால் கண்ட கணக்கு. அதில் பாதி சரி என்பதுதான் பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம்.

என் செவலை வளர்ந்து பருவத்துக்கு வந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கயத்தாறு பக்கம் நல்ல செவலைக் கடுவன் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து இணை சேர்த்தோம். மற்ற நாட்களிலெல்லாம் செவலையைத் தோட்டத்து மோட்டார் ரூமில் போட்டு நானே கொண்டி மாட்டினேன், நானே திறந்தேன். ஈ எறும்பு போயிருக்கலாம், நாய் போகவில்லை.

குட்டிகள் பிறந்தபோது எல்லாம் செவலை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கருகருவென்று, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டோடு தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. எனக்கானால் குதிக்க வேண்டும்போல இருந்தது. மாமாவைக் கூப்பிட்டேன். வந்து குட்டியைத் திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார், கையை வேட்டியில் துடைத்தார்.

"இது எங்கனயோ போயிட்டு வந்திருக்கு."

"கொண்டி போட்டுல்லா வச்சிருந்தேன் மாமா."

"ஒரே ஈத்துக்கு ரெண்டு அப்பன் இருக்கலாம் ஏளா. நாயி சாதிக்கு அது உண்டு. நீ அசந்த நேரம் எதுவோ உள்ள பூந்திருக்கு. ஊர்ல தெருநாய்க்கா பஞ்சம்?"

ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் இருக்கலாம் என்பது நிஜம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வளவுல கருப்புக் கடுவன் உங்களுது ஒண்ணுதான். அப்போ அதுதான் பூந்திருக்கும்."

மாமாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. வளவைத் தாண்டிக் கேட்கிற குரலில் கத்தினார். "சாஸ்தா மேல சத்தியமாச் சொல்லுதேன், என் நாயி அங்கன எட்டிக்கூடப் பாக்கல. அது ராவும் பகலும் என் கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு!"

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாய்க்காகவா என்று என் கணவர் கேட்டார். அவர் பம்புசெட் பழுதுபார்ப்பவர், நல்ல மனிதர், எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டுபவர். நாய்க்காக இல்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. அந்தச் செவலை எங்கும் போகவில்லை. அது எனக்குத் தெரியும், அதற்கும் தெரியும். ஆனால் குட்டியின் நிறத்தைக் காட்டி ஊர் ஒரு கதை சொன்னால் அதனால் என்ன செய்ய முடியும்? பேச வாயில்லாதது. வாய் இருந்தும் பேசாத ஒருத்தியை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவளை நினைத்துத்தான் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

குட்டிகளுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை நான் எனக்குப் புரிகிற மாதிரி ஆக்கிக்கொண்டேன். நாயின் இந்த நிறம் ஜோடித் துணி மாதிரி. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. செவலை என்பது புடவை, கருப்பு என்பது உள்பாவாடை. புடவை ஒன்று இருந்தால் போதும், அடியில் இருப்பது வெளியே தெரியாது. என் செவலையின் தாய் கன்னி. கன்னியிடம் கொடுக்க உள்பாவாடையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆகவே என் நாய்க்கு மேலே புடவை, அடியில் பாவாடை. கயத்தாற்றுக் கடுவனுக்கும் அப்படியே இருந்திருக்க வேண்டும். இரண்டும் அடியில் இருப்பதையே ஒரே குட்டிக்குக் கொடுத்துவிட்டால், மறைக்கப் புடவை ஏது? கருப்பு பளிச்சென்று வெளியே வந்துவிடும்.

மாமா ஏன் ஒருபோதும் ஏமாறவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கன்னிக்கு அடியில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. அதனால் கன்னியும் கன்னியும் சேர்ந்தால் கன்னிதான். அதை வைத்துச் செவலையும் அப்படித்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நான் வரும்வரை செவலையை வளவிலேயே விடாத மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மனுசங்களுக்கும் இப்படித்தானா டாக்டர்?"

அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். "அது இவ்வளவு சுலபம் இல்லம்மா. மனுசத் தோல் நிறத்துல பல ஜோடி சேர்ந்து வேலை செய்யுது. ஆனா முன்னாடி யாருக்கோ இருந்தது மறைஞ்சு வந்து பின்னாடி வெளிய தெரியுறது உண்டு. தாராளமா உண்டு."

அந்தத் தாராளமா என்ற வார்த்தையை வீடு வரைக்கும் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மாமாவிடம் புடவைக் கணக்கைச் சொன்னேன். சொல்லி முடிக்கவிடவில்லை. "ஏளா, நாயிக்குப் பாவாடை கட்டிவிடுத கதையெல்லாம் உன் மாமியார்கிட்டப் போய்ச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அந்தக் கருப்புக்குட்டியை யாருக்கும் கொடுக்காமல் நானே வளர்த்தேன். கம்பங்கூழும் மோரும் முட்டையும் கொடுத்து, விடிந்ததும் வாய்க்கால் வரப்பில் ஓடவிட்டேன். முயல் பிடிப்பதெல்லாம் இப்போது சட்டப்படி குற்றம். கோடையில் குளம் வற்றியதும் அந்தக் கட்டாந்தரையில் பந்தயம் வைப்பார்கள். முன்னால் போகும் பைக்கில் துணியைக் கட்டி இழுப்பார்கள், நாய்கள் துரத்தும். முயல் இல்லையே என்று எந்த நாயும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பந்தயத்துக்கு என் கருப்பைக் கொண்டுபோனேன். நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை நிற்கிறாளே என்று பார்த்தவர்களுக்கு நான் சும்மா கையை ஆட்டிவைத்தேன். கயிற்றை விட்டதுதான் தெரியும். முதலில் எல்லாம் ஒரே புழுதி. அப்புறம் புழுதிக்கு முன்னால் ஒரு கருப்பு. முன்னங்காலும் பின்னங்காலும் வயிற்றுக்கு அடியில் கூடி, நீண்டு, கூடி, நீண்டு, கரை ஏறி நின்றபோது அடுத்த நாய் இன்னும் பாதியில் இருந்தது. நான் செருப்பை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் என்னைவிடச் சத்தமாகக் கத்தியது யார் என்று திரும்பினால், என் மாமனார். துண்டைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் கணவர் டீக்கடையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். அங்கே மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நம்ம கன்னிக் கடுவன் வித்துல்லா அது! ரத்தம் பேசுதா இல்லையா, பாத்தீரா வே?"

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. பிறந்த அன்றைக்குத் தெருநாய்க் குட்டி, ஜெயித்த அன்றைக்கு அவர் நாய்க் குட்டி. எதுவானாலும் என் செவலை கொண்டியைத் தாண்டிப் போனவள்தான், அதில் மட்டும் மாற்றம் இல்லை. மாமாவின் கூட்டாளிகள் வளவில் வந்து உட்காரும் வரை காத்திருந்தேன். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"மாமா, சாஸ்தா மேல சத்தியம் பண்ணுனீகள்லா? உங்க கடுவன் எட்டிக்கூடப் பாக்கலன்னு. அப்போ சாமிகிட்டச் சொன்னது பொய்யா, டீக்கடைல சொன்னது பொய்யா?"

ஒருவர் டீயைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். இன்னொருவர், "அண்ணாச்சி, வசமா மாட்டுனீரு வே!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். மாமா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரிளா. அதே ரெண்டு செவலையும் மறுபடி சேப்போம். பூட்டும் என்னுது, சாவியும் என்னுது. கருப்பு விழுந்தா நீ சொல்லுததுதான் சரின்னு ஊருக்கே சொல்லுதேன்."

"விழலேன்னா?"

"விழலேன்னா உன் செவலை வேலி தாண்டுனவன்னு நீ ஒத்துக்கிடணும். இத்தனை பேருக்கு முன்ன."

சரி என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்த பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்பது உறைத்தது. ஒவ்வொரு குட்டியும் பூவா தலையா போடுகிற மாதிரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலும் கருப்பு விழ வாய்ப்புக் குறைவு. ஈற்று முழுக்கச் செவலையாகவே போய்விடலாம். அப்படிப் போனால் உண்மை என் பக்கம் இருந்தும், ஒரு பாவமும் அறியாத பெட்டையை வேலி தாண்டியவள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அன்று அம்மாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. "எப்போ குட்டி போடும்?" என்று கேட்டாள்.

மாமா சொன்ன வாக்கில் நின்றார். மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார், குளிக்கும்போதும் கழற்றவில்லை. தன் கன்னிக் கடுவனையே வள்ளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். கயத்தாற்றுக் கடுவனை அவரே போய்க் கூட்டிவந்தார். சேர்ந்ததும் அவரே கொண்டுபோய் விட்டார். செவலைக்கு வேளாவேளைக்குக் கூழ் வைத்ததும் அவர்தான். கொஞ்ச நாளில் அதைத் தாயி என்று கூப்பிட ஆரம்பித்தார். வயிறு இறங்கியதும் சாக்கை உதறி உதறி விரித்தார். தோற்கப் போவது அவரா நானா என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேர் கையையும் நக்கியது.

சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. "ஏளா, வா, வலி கண்டாச்சு" என்று அவர்தான் வந்து கூப்பிட்டார். ஓடினேன். நாங்கள் போய் உட்கார்ந்ததும் முதல் குட்டி வழுக்கிக்கொண்டு விழுந்தது. இருண்ட நிறமாக இருந்தது அது. என் வாய் திறந்துவிட்டது.

"பொறு" என்றார் மாமா. "செவலையும் பெறக்கையில அழுக்காத்தான் இருக்கும். பெறகு வெளுத்துரும். பைய."

அவர் சொன்னது சரி. அதனால் திறந்த வாயை மூடிக்கொண்டேன். தாய் நக்கி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு குட்டியை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். துணியால் துடைத்தார். காலைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தார். குட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டே அவருடைய மற்றக் கை பைய இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. சாவி அங்கேயேதான் இருந்தது.

"கன்னி" என்றார்.

அவ்வளவுதான், எனக்குக் கேட்க வேண்டியது வேறு ஒன்றும் இல்லை. மழையில் இறங்கி வாழைகளுக்கு நடுவே நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்டால் வார்த்தை எதுவும் இல்லை, வெறும் சத்தம். அடுத்த தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். திரும்பி உள்ளே போனபோது இரண்டு செவலைகளும் இன்னொரு கன்னியும் சேர்ந்திருந்தன. மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செவலையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தாயி, நீ எங்கனயும் போகல. நான்தான் பேசிப்புட்டேன்" என்று நாயிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மழை விட்டதும் என் போனை வாங்கி அவரே அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போகணும். நீங்க வந்து பாத்தாத்தான் ஆகும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். டீக்கடைக் கூட்டாளிகள் அத்தனை பேரையும் மாமா வரவழைத்திருந்தார். அம்மா உட்காரக்கூட இல்லை, அதற்குள் மாமா கன்னிக்குட்டியை எடுத்துக்கொண்டு நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, ரெண்டு செவலைக்குக் கன்னி பெறக்கும். பூட்டுனவன் நான், சாவி என் இடுப்புல இருந்துச்சு. யாரும் எங்கனயும் போகல. இதுக்கு நானே சாட்சி. இனி எவனாவது யாரு சாயல்னு கேட்டான்னா என்கிட்ட அனுப்புங்க. அன்னைக்குக் காருகிட்ட வச்சு நான் சொன்னதும் தப்புதான்."

அம்மா அந்தக் குட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். சேலைத் தலைப்பில் வைத்து, கண்ணுக்கு மேலே இருந்த இரண்டு பொட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லி நான் முதல் தடவையாகக் கேட்டேன். வகுப்பில் பேசுகிற அதே குரல், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

"உங்களுக்குப் பூட்டும் சாவியும் வேண்டியிருந்துச்சு அண்ணாச்சி. எனக்கு இவளப் பெத்த அன்னைக்கே தெரியும்." குட்டியை என் கையில் கொடுத்தாள். "பெறகு, நாங்க ஒண்ணும் மாத்தி அனுப்பல. ரெண்டையும் நல்லாப் பாத்துத்தான் அனுப்புனோம்."

முதலில் சிரித்தவர் மாமாதான். அப்புறம் கூட்டமே சிரித்தது. இந்தத் தடவை அம்மாவும் சிரித்தாள், புடவைக் கொசுவத்தைத் தொடவில்லை. சாயங்காலப் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அம்மா அடுக்களையில் என் மாமியாரோடு உட்கார்ந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.